சிறு நாடாவும் பாசிமணியும்
மகளிர்க்கு ஓர் இல்லத் தொழிற் பாடம்

கிராமப் பொருளாதாரத்தில் வேளாண்மைக்கு அடுத்த இடம் கைத்தொழிலுக்கு உரியது. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்களின் கைவேலையே என்பதைக் கரிசல் நிலத்து மக்கள் நன்கு அறிவர். சங்கரன்கோவிலில் தறியின் ஓசை கேளாத தெருக்கள் குறைவு. மேற்கே தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் தொழிலும், கிழக்கே கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிலும் பல்லாயிரம் பெண்களின் கைகளை நம்பி நடந்து வந்திருக்கின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, ஒரு குரோசு பெட்டிக்கு இவ்வளவு என்று கூலியை வேறொருவர் நிர்ணயிக்க, அதனை ஏற்றுக்கொண்டு உழைப்பதே இத்தொழில்களின் வழக்கமாகிவிட்டது.

ஆகவே புதிய கைத்தொழில் ஒன்றைப் பற்றி மகளிர் குழுக்களில் எடுத்துரைக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதனைக் கற்பது எப்படி என்பது முதல் கேள்வி. கற்றபின் கூலி கட்டுமா என்பது இரண்டாவது. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை கூறுவதோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை, நாடாப் பின்னல் என்னும் நுண்தொழிலை எடுத்துக்கொண்டு, இரண்டு கேள்விகளுக்கும் இயன்றவரை விடை கூற முற்படுகிறது.

தொழிலின் இயல்பு

தறியில் பாவு நூல்களினூடே ஊடையைக் கொண்டு செல்லும் கருவியை நெசவாளர் நாடா என்பர். ஓடம் என்றும் வழங்குவது உண்டு. அதே வடிவில், உள்ளங்கையில் அடங்குமாறு சுமார் 7 செண்டிமீட்டர் நீளத்தில் அமைந்த சிறு கருவியே இத்தொழிலுக்கு உரிய நாடா. படகு போன்ற இரு தகடுகள் இரு முனைகளிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்; நடுவிலுள்ள தண்டில் நூல் சுற்றப்பெறும். ஆங்கிலேயர் இவ்வேலையை டாட்டிங் என்றனர். துருக்கியர் நாடாவின் பெயராலேயே இதனை அழைக்கின்றனர். ஜெர்மானியர் வழங்கும் பெயர்களுள் ஒன்றுக்குச் சிற்றோட வேலை என்பதே பொருள். நமது நெசவாளரும் அவர்களும் ஒரே உவமையைக் கண்டிருப்பது வியப்புக்குரியது.

ஒரு நூலின் மேல் மற்றொரு நூலால் முடிச்சுகளை நெருக்கமாகக் கோத்து, அவற்றை வளையமாகவும் வில்லாகவும் வளைத்து இணைப்பதே இப்பின்னல். பூத்தொடுக்கும் பெண்கள் மல்லிகைக் காம்புகளின் மேல் நாரைச் சுழற்றி இழுத்து இறுக்குவதைப் பார்த்திருக்கிறோம். விரல்களின் அந்த நயத்தையே இத்தொழிலும் வேண்டுகிறது. சங்கரன்கோவிலைப் போன்ற ஒரு பூச்சந்தை ஊரில் இதற்கு வேண்டிய கைப்பழக்கம் பாதி ஏற்கெனவே இருக்கிறது எனலாம்.

தென்னாட்டில் லேஸ் தொழில்

இப்பகுதிக்கு லேஸ் வேலை புதிதன்று. 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண்களுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னும் தொழிலைப் புகுத்தினார். அவருடைய புதல்வியார் எலைசா, 1844-இல் கால்டுவெல் அவர்களை மணந்து இடையன்குடிக்கு வந்தபின், அங்கும் பெண்கள் பள்ளியோடு இத்தொழில் வேரூன்றியது. அவர்கள் கற்பித்தது, தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பல சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேறொரு வகை. ஆயினும் அதன் வரலாறு நமக்குப் பாடமாகும். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது 1855-இல்தான் அரசாணையால் ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் தங்கள் லேஸ் வருவாயைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்துப் பெற்றனர் என்பது வரலாறு. உழைப்புக்கு உரிய பணம் உழைத்தவள் கையில் சேர்ந்ததனால் விளைந்த பயன் அது.

வேண்டிய பொருள்கள்

இத்தொழிலுக்கு முதலீடு மிகக் குறைவு. நாடா ஒன்று, நுனி மெல்லிய குரோஷே கொக்கி ஒன்று, சிறு கத்தரிக்கோல், பளபளப்பேற்றிய முறுக்கு நூல், பாசிமணி, காதணிக் கொக்கிகள், சிறு உலோக வளையங்கள் — இவையே வேண்டுவன.

நூலில் எண் ஏற ஏற மென்மை மிகும். தொடக்க நிலையில் 20-ஆம் எண் நூலே நலம். கை பழகியபின் 40-ஆம் எண்ணுக்குச் செல்லலாம். மணிக்கும் எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். 8-ஆம் எண் மணி ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், 11-ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் இருக்கும். 20-ஆம் எண் நூலுக்கு 8-ஆம் எண் மணியும், 40-ஆம் எண் நூலுக்கு 11-ஆம் எண் மணியும் பொருந்தும். துளை நூலுக்கு ஏற்றதா என்று சில மணிகளைக் கோத்துப் பார்த்த பின்னரே மொத்தமாக வாங்க வேண்டும். துளையின் விளிம்பு கூராக இருக்கும் மணி நாளடைவில் நூலை அறுத்துவிடும், அத்தகையவற்றைக் கழித்துவிடுக.

கண்ணாடி மணி செய்வதில் நம் நாடு பழமையான புகழுடையது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் நிகழ்ந்த அகழாய்வும் அதன் பின் நிகழ்ந்தவையும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மணித்தொழில் செழித்திருந்ததை மெய்ப்பித்தன.

அடிப்படை முடிச்சு

நாடாப் பின்னல் முழுவதும் ஒரே ஒரு முடிச்சினால் ஆனது. அம்முடிச்சுக்கு இரண்டு பாதிகள் உண்டு. செய்முறை பின்வருமாறு:

1. நாடாவில் நூலைத் தகட்டின் ஓரத்திற்கு வெளியே பிதுங்காதவாறு சுற்றுக. நூலின் நுனியை இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, மற்ற விரல்களைச் சுற்றிக் கொண்டுவந்து அதே பிடியில் சேர்க்க. இது கைவளையம் எனப்படும்.

2. முதற் பாதி: நாடாவை வலக்கையில் பிடித்து, அதிலிருந்து வரும் நூலை வலக்கை விரல்களின் புறத்தே படியவிடுக. நாடாவைக் கைவளைய நூலின் அடியாகச் செலுத்தி, மேலாகத் திருப்பிக் கொண்டு வருக.

3. இப்போது இடக்கை விரல்களைத் தளர்த்தி, வலக்கை நூலை விறைப்பாக இழுக்க. நாடா நூல் நேராக நிற்க, கைவளைய நூல் அதன் மேல் தாவிச் சுருண்டுகொள்ளும். பின்பு இடக்கை நடுவிரலை மெல்ல உயர்த்தி, அச்சுருளைப் பிடிவரை நகர்த்துக.

4. இரண்டாம் பாதி: இம்முறை நூலை வலக்கையின் புறத்தே இடாமல், நாடாவைக் கைவளைய நூலின் மேலாகச் செலுத்தி, அடியாகத் திருப்பிக் கொண்டு வருக. முன்போலவே தளர்த்தி, இழுத்து, நகர்த்துக.

இரண்டு பாதிகளும் சேர்ந்தது ஒரு முழு முடிச்சு. மூன்றாவது படியில் கூறிய தாவலே இத்தொழிலின் உயிர்நிலை. எந்த நூல் முடிச்சாகிறது, எந்த நூல் நேராக ஓடுகிறது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. நாடா நூல் எப்போதும் நேராக ஓட வேண்டும். அப்போதுதான் இறுதியில் அதனை இழுத்து வளையத்தை மூட முடியும். தாவல் நிகழாமல் நாடா நூலே முடிச்சாகிவிட்டால், எவ்வளவு இழுத்தும் வளையம் மூடாது. புதிதாகக் கற்போர் மனம் தளர்ந்து நாடாவைக் கீழே வைத்துவிடுவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான்.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. முதல் நாட் பயிற்சியில் நாடாவில் வெள்ளை நூலும், இடக்கையில் தனி உருண்டையிலிருந்து சிவப்பு நூலும் கொண்டு பின்னச் செய்க. இரண்டின் நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, சிவப்பு நூலை இடக்கை விரல்களின் மேல் படியவிட்டுச் சிறுவிரலில் சுற்றிக்கொள்ள வேண்டும். முடிச்சுகள் சிவப்பாகத் தெரிந்தால் வேலை சரி. வெள்ளையாகத் தெரிந்தால் தாவல் நிகழவில்லை என்று பொருள். ஆசிரியை அருகில் இல்லாதபோதும் மாணவி தன் பிழையைத் தானே கண்டுகொள்வாள். இவ்வாறு இரு நூல்களால் பின்னப்படுவது வளையமாக மூடாமல் வளைந்து நிற்கும். அதனை வில் என்று வழங்கலாம்.

காதும் இணைப்பும்

இரண்டு முழு முடிச்சுகளுக்கிடையே சிறிது நூலை இடைவெளியாக விட்டுப் பின்னி, பிறகு இரண்டையும் நெருக்கினால், இடையிலுள்ள நூல் மேலெழுந்து சிறு காது போல நிற்கும். 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள காது கிடைக்கும். ஒரு பொருளிலுள்ள காதுகள் அனைத்தும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். கண்ணால் அளப்பது பழகும்வரை, அட்டைத் துண்டு ஒன்றை அளவாக வெட்டி இடையே வைத்துக்கொள்ளலாம்.

காது அழகுக்கு மட்டுமன்று. அடுத்த வளையத்தை இணைப்பதற்கும் அதுவே இடம். இடக்கையில் சுற்றிய நூலைக் கொக்கியால் முந்தைய வளையத்தின் காதின் வழியே மேலிழுத்து, எழுந்த சிறு கண்ணியினுள் நாடாவை நுழைத்து, இரு நூல்களையும் சமமாக இறுக்கினால் இணைப்பு முடிந்தது. இதனை முடிச்சாக எண்ணக் கூடாது.

மணி கோத்தல்

மணிகளைப் பின்னலின் இடையில் சேர்க்க முடியாது. நாடாவில் நூலைச் சுற்றுவதற்கு முன்பே வேண்டிய மணிகள் அனைத்தையும் நூலில் கோத்துவிட வேண்டும். நூலின் நுனியில் சிறிது நகப்பூச்சைத் தடவி உலர்த்தினால் அதுவே ஊசியாகப் பயன்படும். கோத்த மணிகளை நூலோடு சேர்த்தே நாடாவில் சுற்றுக.

வளையத்தின் விளிம்பில் மணி நிற்க வேண்டுமானால், அவ்வளையத்தைத் தொடங்குமுன் அதற்குரிய மணிகளை நாடாவிலிருந்து வெளிக்கொணர்ந்து, கைவளையத்தினுள் இருக்குமாறு நகர்த்திவிட வேண்டும். அவை புறங்கைப் பக்கம் காத்திருக்கும். இடம் வந்தவுடன் ஒரு மணியைக் கடைசி முடிச்சையொட்டி நகர்த்தி, அதனை அடுத்து மறு முடிச்சைப் போடுக. வளையத்தைத் தொடங்கிவிட்ட பிறகு மறந்த மணியைச் சேர்க்க வழியில்லை. ஆகவே எண்ணிக்கையைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்வதே முறை.

முதற் பயிற்சி: மூவிதழ்த் தொங்கல்

ஒரு தொங்கலுக்கு 5 மணிகள் வேண்டும். அவற்றைக் கோத்து, 2 மீட்டர் நூலை நாடாவில் சுற்றிக்கொள்க.

முதல் வளையம் (கைவளையத்தில் 2 மணிகள்): 4 முடிச்சு, மணி, 4 முடிச்சு, மணி, 4 முடிச்சு, காது, 4 முடிச்சு. நாடா நூலை இழுத்து மூடுக.

இரண்டாம் வளையம் (கைவளையத்தில் 1 மணி): முதல் வளையத்தின் அடியை ஒட்டித் தொடங்குக. 4 முடிச்சு, முதல் வளையத்தின் காதில் இணைப்பு, 4 முடிச்சு, மணி, 4 முடிச்சு, காது, 4 முடிச்சு. மூடுக.

மூன்றாம் வளையம் (கைவளையத்தில் 2 மணிகள்): 4 முடிச்சு, இரண்டாம் வளையத்தின் காதில் இணைப்பு, 4 முடிச்சு, மணி, 4 முடிச்சு, மணி, 4 முடிச்சு. மூடுக.

ஒவ்வொரு வளையத்திலும் 16 முடிச்சுகள்; ஒரு தொங்கலில் 48; ஒரு ஜோடியில் 96. மூடிய வளையத்தை அவிழ்ப்பது மிகக் கடினமாதலால், மூடுவதற்கு முன் ஒரு முறை எண்ணிப் பார்க்கத் தவறலாகாது. தொடக்க நுனியையும் இறுதி நுனியையும் சிறு உலோக வளையத்தில் சேர்த்துக் கட்டி, மிச்ச நூலை ஊசியால் பின்னலினுள் மறைத்து வெட்டுக. உலோக வளையத்தில் காதணிக் கொக்கியை மாட்டினால் இதழ்கள் மூன்றும் கீழ்நோக்கித் தொங்கும். இவ்விதழ்களையே பல அடுக்குகளாகவும், இடையே விற்களை அமைத்தும், கழுத்தணி, கைவளை, நெற்றிச்சுட்டி முதலியவற்றைப் பின்னலாம்.

முடிப்பு வேலை

நகை உடலில் படுவது, வியர்வையில் நனைவது. ஆகவே சாயம் நில்லாத நூலைப் பயன்படுத்துதல் கூடாது. நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சோதித்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். பின்னல் விறைப்பாக நிற்பதற்கு, நெசவாளர் இல்லங்களில் பாவுக்குப் போடும் கஞ்சி நினைவுக்கு வரும். ஆனால் கஞ்சி பூச்சியை ஈர்க்கும்; ஈரத்தில் இளகும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் பின்புறம் தடவி, சமதளத்தில் உலர்த்துவதே நகைக்கு ஏற்றது. நிக்கல் கலந்த மலிவான கொக்கி பலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஒருமுறை புண்பட்டவர் மறுமுறை வாங்கமாட்டார். இரண்டொரு ரூபாய் கூடினாலும் நல்ல எஃகுக் கொக்கியே வாங்குக.

இவ்வேலை கண்ணுக்கும் கழுத்துக்கும் சிரமம் தருவது. பகல் வெளிச்சத்தில், முதுகு சாய்த்து அமர்ந்து செய்வதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தொலைவில் பார்வையைச் செலுத்துவதும் நன்று.

விலைக் கணக்கு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கைவேலைக்கு விலை கூறும்போது நமது சகோதரிகள் நூலுக்கும் மணிக்கும் கொக்கிக்கும் ஆன செலவை எண்ணுகின்றனர்; தங்கள் நேரத்தை எண்ணுவதில்லை. சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே என்பர். அந்த ஒரு சொல்லில்தான் அவர்களுடைய கூலி கரைந்து போகிறது. சமைத்து, தண்ணீர் எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் எஞ்சும் இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்த நேரம் ஆகுமா?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. ஒரு ஜோடி தொங்கலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறதெனக் கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்தால் கூலி 75 ரூபாய். பொருட்செலவு 12 ரூபாய். அட்டை, உறை, போக்குவரத்து ஆகியவற்றிற்கு 13 ரூபாய். ஆக அடக்கவிலை 100 ரூபாய். இதனையே ஒரு வியாபாரி 40 ரூபாய்க்குக் கேட்கிறார் என்போம். செலவு 25 ரூபாய் போக எஞ்சுவது 15 ரூபாய். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 10 ரூபாய். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவள் தலையசைக்குமுன் சற்று யோசிப்பாள். எண்கள் இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மாறலாம். கணக்கிடும் முறை மாறாது. ஆகவே ஒவ்வொருவரும் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே மேற்கொள்ள வேண்டும்.

நரசாபூர் தரும் எச்சரிக்கை

ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபூர், குரோஷே லேஸுக்குப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் புகுத்திய அத்தொழில் அங்கு வீடுதோறும் பரவி, வெளிநாட்டுச் சந்தைகளையும் எட்டியது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ், அத்தொழிலில் ஈடுபட்ட பெண்களின் நிலையை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னுவோர் பெண்கள், ஏற்றுமதியால் பொருள் திரட்டியவர்களோ ஆண் வியாபாரிகள். பெண்கள் தொழிலாளர் என்றுகூடக் கருதப்படவில்லை; வீட்டிலிருந்து பொழுதுபோக்குபவர் என்றே கருதப்பட்டனர். அக்கருத்தே கூலியைத் தாழ்த்தி வைத்தது. அவள் பின்னியது ஒரு பகுதி. அதனை மற்றப் பகுதிகளோடு இணைத்தவர் வேறொருவர். எங்கு, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதை அவள் அறியவில்லை. அவ்வூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. தொழிலின் பெயருக்கு அது பாதுகாப்பு. பின்னுபவளின் கூலிக்குப் பாதுகாப்பு அவளுடைய கணக்கும் கூட்டமைப்புமே.

நாகர்கோவில் வரலாற்றையும் நரசாபூர் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நுண்ணிய கைத்திறன் இரண்டிடத்திலும் இருந்தது. பணம் யார் கையில் சேர்ந்தது என்பதே பயனை வேறுபடுத்தியது.

குழுவின் கடமைகள்

ஆகவே நாடாப் பின்னலை மேற்கொள்ளும் குழுக்கள் சில நெறிகளைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்வது நலம். நூலையும் மணியையும் குழுவாக மொத்தமாக வாங்குக. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்யக் கற்றிருக்க வேண்டும். ஒருத்தி இதழ் மட்டும், மற்றொருத்தி இணைப்பு மட்டும் என்று பிரித்துக்கொண்டால் வேகம் கூடலாம், ஆனால் பொருளின் விலை எவருக்கும் தெரியாமற் போகும். புதிய வடிவங்களை முடிச்சு எண்ணிக்கையோடு ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதிச் சேர்க்க. அதுவே குழுவின் சொத்து. அடக்கவிலைக்குக் கீழே ஒருவரும் விற்பதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிடுக. ஒருத்தி விலையைத் தாழ்த்தினால் அனைவரின் கூலியும் தாழும்.

விற்பனைக்கு வழிகள் இல்லாமல் இல்லை. ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவிலில் கூடும் மக்கள் கூட்டம் பெரிது. மகளிர் குழுப் பொருள்களுக்கென மதி அங்காடிகளும் கல்லூரிச் சந்தைகளும் ஏற்பட்டுள்ளன. எடையின்மையால் இந்நகை சிறு உறையில் அஞ்சலில் செல்லும். கைபேசியில் நல்ல படம் எடுத்து அனுப்பி வெளியூர் ஆர்டர்களையும் பெறலாம். நெசவாளர் குடும்பங்கள் தாங்கள் நெய்யும் சேலையின் கரை நிறத்திற்கு இணையான தொங்கலைப் பின்னிச் சேர்த்து விற்பது இவ்வூருக்கே வாய்த்த வசதியாகும்.

இத்தொழில் ஒரு குடும்பத்தை முழுதும் காப்பாற்றிவிடும் என்று கூறுவது மிகையாகும். முறையாகக் கற்று, முறையாகக் கணக்கிட்டு, கூடி விற்றால், ஒரு பெண்ணின் கைக்குத் தனக்கென ஒரு வருவாய் வரும் என்று கூறுவது மிகையாகாது. முடிச்சை எண்ணுவதில் காட்டும் கவனத்தை மணித்துளிகளை எண்ணுவதிலும் காட்டுவார்களாயின், சிறிய இந்நாடா நமது கிராமப் பெண்மணிகளுக்கு நல்ல துணையாக அமையும்.